குடையா, கிரீமா, நீளக்கையா: கம்பஸ் போகும் பிள்ளை வெயிலுக்கு முதலில் எதை வாங்குவது?

கம்பஸ் கிடைத்த பிள்ளைக்கு வீட்டில் சாமான் பட்டியல் போடுவார்கள். பாய், தலையணை, வாளி, மேசை விளக்கு, சாப்பாட்டுப் பெட்டி. வெயிலுக்கென்று அதில் ஏதாவது இருந்தால் அது பெரும்பாலும் ஒரு கிரீம் டியூப்தான். அதுவும் மகளுடைய பட்டியலில் மட்டும். மகனுக்கு அதுவும் இல்லை. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ நாலு வருடம் வெயிலில் நடக்கப்போகிற இரண்டு பேருக்கும் இது போதாது. காசும் சரியான இடத்தில் செலவாகவில்லை.

தெரிவுகள் அதிகமில்லை: குடை, தொப்பி, நீளக்கை உடுப்பு, சன்ஸ்கிரீன், கறுப்புக் கண்ணாடி. இவற்றோடு காசே தேவைப்படாத ஒன்றும் உண்டு: எந்நேரத்தில், எந்தப் பக்கத்தால் போவது என்பது. மகாபொல, பேர்சரி உதவிப்பணத்தை நம்பிப் படிக்கிற பிள்ளை எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க ஏலாது. என் வரிசை இது: முதலில் நீளக்கை உடுப்பும் ஒரு நல்ல குடையும், அடுத்தது கண்ணாடி, அதற்குப் பிறகுதான் கிரீம்; அதுவும் முகத்துக்கும் கழுத்துக்கும் அளவாக. சிலருக்கு இந்த வரிசை தலைகீழாக மாறும். அவர்கள் யார் என்பதையும் சொல்கிறேன்.

நம்முடைய வெயில் எப்படிப்பட்டது

மட்டக்களப்பு மத்திய கோட்டுக்கு வடக்கே 8 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்புக்குச் சில நாள் முன்பும், பிறகு செப்டெம்பர் தொடக்கத்திலும், நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கம்பத்தின் நிழல் கம்பத்தின் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். சூரியன் தெற்கே நன்றாகச் சரிந்திருக்கும் மார்கழியிலும் நண்பகல் நிழல் ஆளின் உயரத்தில் முக்கால்வாசியைக்கூட எட்டாது. வெயிலோடு வரும் கண்ணுக்குத் தெரியாத கழியூதா (யூவி) கதிரை அளக்க எளிமையான கருவி இந்த நிழல்தான். நிழல் ஆளைவிட நீளமாக இருந்தால் கதிர் மெல்லியது. குட்டையாக இருந்தால் பலமானது. சித்திரையில் காலை 9 மணியளவிலேயே நிழல் குட்டையாகிவிடும். பின்னேரம் 3 மணிவரை அப்படியேதான். வருடத்தில் எந்த நாளை எடுத்தாலும் நமது நண்பகல் இந்தக் குட்டை நிழலுக்குள்தான் வரும்.

போனில் காலநிலை பார்க்கும் செயலியில் ‘யூவி இண்டெக்ஸ்’ என்று ஒரு எண் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி 3 வந்தாலே காப்புத் தேவை, 8 வந்தால் கூடுதல் காப்புத் தேவை, 11உம் அதற்கு மேலும் மிகக் கடுமை. வானம் தெளிந்த நாளில் நம் பக்கத்து நண்பகல் 11ஐத் தாண்டுவது சாதாரணம். நாம் பொதுவாகப் பார்ப்பது வெப்பநிலை எண்ணை மட்டும். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்த எண்ணில் கண் நிற்பதில்லை.

நம்மவர் எல்லோரும் குழம்பும் இடமும் இதுதான். சூடு வேறு, கழியூதாக் கதிர் வேறு. ஆனி, ஆடியில் மேற்கு மலைகளைக் கடந்து இறங்கி வரும் கச்சான் காற்று உடம்பை வறுத்தெடுக்கும்போது எல்லோரும் வெயிலுக்கு ஒதுங்குகிறோம். மாரி மழை ஓய்ந்து மாசி, பங்குனியில் கடற்காற்று குளிர்மையாக வீசும்போது ‘இண்டைக்கு வெயில் இல்ல’ என்று வெறுங்கையோடு நடக்கிறோம். அந்த மாசி, பங்குனியில்தான் சூரியன் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. மெல்லிய முகில் மூடிய வானத்தின் ஊடாகவும் கழியூதாக் கதிரில் 80 வீதம் வரை இறங்கும். காற்று குளிர்ந்தால் கதிர் குறைந்துவிட்டது என்று எண்ணுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

எதற்காகக் காக்கிறோம்

‘வெயிலுக்குள்ள போகாத புள்ள, கறுத்துப் போயிருவாய்’ என்பதுதான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே காரணம். இது பெண் பிள்ளையை நிறத்துக்குப் பயப்பட வைத்தது. ஆண் பிள்ளைக்கோ, அவன் கறுத்தால் யாரும் கவலைப்படப் போவதில்லை என்பதால், காக்க ஒரு காரணமும் இல்லாமல் ஆக்கியது. பல நாடுகளில் பல்கலைக்கழக மாணவரிடம் நடத்திய ஆய்வுகளில் இரண்டு முடிவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வெயிலின் தீமையை அறிந்தவர் பலர், அதற்கேற்ப நடப்பவர் சிலர். பெண்கள் பாவிக்கும் அளவுக்கு ஆண்கள் சன்ஸ்கிரீன் பாவிப்பதில்லை. நம் வளாகங்களில் மத்தியானம் வாசலில் நின்று பார்த்தால் இதை அறிய ஆய்வே தேவையில்லை.

இணையத்தில் படிக்கக் கிடைக்கும் அறிவுரையோ வேறு ஆட்களுக்காக எழுதப்பட்டது. 1981இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய ‘சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வை’ என்ற பெரிய பிரசாரம் வெள்ளைத் தோலில் வரும் தோல் புற்றுநோயைக் குறிவைத்தது. நம் தோலில் மெலனின் என்ற நிறமி கூட. 1979இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கறுப்பினத்தவரின் தோல் இயல்பாகவே எஸ்.பி.எஃப். (சன்ஸ்கிரீன் டியூப்பில் போடும் காப்பு எண்) 13 அளவுக்குக் காப்புத் தருகிறது என்று அளந்தது. வெள்ளைத் தோலுக்கு அது 3 சொச்சம். நம் மாநிறம் இந்த இரண்டுக்கும் இடையில். ஆகவே தோல் புற்றுநோய் நம்மிடம் மிகக் குறைவு. கறுத்த தோலில் வரும் மெலனோமா என்ற கடும் தோல் புற்றுநோயும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற, வெயிலே படாத இடங்களில்தான் கூடுதலாக வருகிறது. ‘நமக்கு ஒன்றும் ஆகாது’ என்று பொடியன்கள் சொல்வதில் இந்தளவு உண்மை இருக்கிறது. அதை மறைத்துப் பயமுறுத்துவது நேர்மையில்லை.

ஆனால் மிச்சம் இருப்பவை சின்ன விசயங்கள் இல்லை. கண்ணுக்கு மெலனின் கவசம் கிடையாது. இலங்கையில் பார்வையிழப்புக்கு முதற்காரணம் கண்புரை. உலகளவில் கண்புரையில் ஒரு பங்கு வெயிலோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. கடலுக்குப் போகும் ஆட்களின் கண்ணில் மூக்குப் பக்கமிருந்து கருவிழியை நோக்கிச் சதை படர்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதிலும் வெயிலுக்குப் பங்குண்டு. அடுத்தது முகத்தில் கருந்திட்டாக விழும் மங்கு. அது வெள்ளைத் தோலைவிட நம் போன்ற தோலில்தான் கூடுதலாக வருகிறது, வந்தால் லேசில் போகாது. மூன்றாவது மருந்துகள். முகப்பருவுக்கு வைத்தியர் எழுதும் டொக்சிசைக்கிளின், ஐசோட்ரெட்டினோயின் போன்றவை தோலை வெயிலுக்கு இளக்கமாக்கும். இதே டொக்சிசைக்கிளின்தான் எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாக வயலில் இறங்குபவர்களுக்குச் சுகாதாரப் பகுதியினர் கொடுக்கும் குளிசையும். வீட்டு வயலில் உதவிக்கு இறங்கும் பிள்ளையும், விவசாய பீடத்தில் வயல் பயிற்சிக்குப் போகும் பிள்ளையும் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். குளிசையை நிறுத்தக் கூடாது. குளிசை எடுக்கும் நாட்களில் கையையும் கழுத்தையும் மூட வேண்டும்.

குடை

குடையை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், அது கையில் இருந்தால் வேலை செய்கிறது, அவ்வளவுதான். அளவு பார்த்துப் பூச வேண்டியதில்லை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஞாபகம் வைக்க வேண்டியதில்லை, வேர்வையில் கரையாது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 23 கைக்குடைகளை வெயிலில் பிடித்து அளந்தார்கள். அவை கழியூதாக் கதிரில் 77 வீதத்திலிருந்து 99 வீதம் வரை மறித்தன. கறுப்புக் குடைகள் எதுவும் 90 வீதத்துக்குக் கீழே போகவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் பிடித்த அந்தப் பழைய கறுத்தக் குடைதான் முன்னால் நிற்கிறது. பூப்போட்ட மெல்லிய மடக்குக் குடை பின்னால் நிற்கிறது.

வாங்கும்போது கடை வாசலுக்குக் கொண்டுபோய் விரித்து வானத்தை நோக்கிப் பிடியுங்கள். உள்ளே நின்று பார்க்கும்போது துணியில் ஊசிப்பொட்டு மாதிரி வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். தையல் ஓரத்தையும் பாருங்கள். உட்புறம் கறுப்போ வெள்ளிப் பூச்சோ இருந்தால் நல்லது. ஏற்கனவே இருக்கும் குடைக்கும் இதே சோதனைதான். மடிப்புகளில் துணி நைந்துபோன குடையை மழைக்கும் நம்ப முடியாது, வெயிலுக்கும் நம்ப முடியாது.

குடைக்கு இன்னொரு வலிமை உண்டு, அதைப் பேசுவார் குறைவு. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் மாநிறத் தோலைக் கறுக்கச் செய்கிறது, மங்கைக் கூட்டுகிறது. வெள்ளைத் தோலில் இப்படி நடப்பதில்லை. சாதாரண சன்ஸ்கிரீன் இந்த வெளிச்சத்தை மறிக்காது. அதற்கு இரும்பு ஒக்சைட் கலந்த, நிறம் சேர்த்த கிரீம் வேண்டும். குடையோ எல்லா வெளிச்சத்தையும் மறிக்கிறது. நிறம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதே ஒருவருடைய முதல் கவலையாக இருந்தாலும், அவர் முதலில் வாங்க வேண்டியது குடைதான்.

குறைகளும் உண்டு. கச்சான் வீசும் நாளில் குடையை மலர்த்திப் புரட்டிவிடும். நிலத்திலிருந்தும் சுற்றியுள்ள வானத்திலிருந்தும் வரும் கதிரைக் குடை தடுக்காது. சைக்கிளில் ஒரு கையால் குடை பிடித்துப் போவது நம் ஊர்களில் வழக்கமாக இருந்தாலும், லொறியும் பஸ்ஸும் பறக்கிற திருகோணமலை வீதியில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தோலைக் காக்கப் போய் உயிரைப் பணயம் வைக்கிற வேலை அது. இரண்டு சக்கரத்தில் போகிறவருக்குக் குடை தெரிவே இல்லை. அவருடைய காப்பு உடுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பொடியன்கள் குடை பிடிக்க வெட்கப்படுகிறார்கள். மழைக்குப் பிடிப்பார்கள், வெயிலுக்குப் பிடிக்கமாட்டார்கள். சிரிப்பார்கள் என்ற பயம். இந்தக் கூச்சம் உடைவதற்கு ஒரு பெட்ச்சில் நாலு பேர் சேர்ந்து பிடித்தால் போதும் என்று நம்புகிறேன். அதுவரை தொப்பி. கிரிக்கெட் தொப்பி நெற்றியையும் மூக்கையும் மட்டும் பார்த்துக்கொள்ளும். காதும் பிடரியும் வெளியே. சுற்றிவர 7.5 சென்றிமீற்றர் விளிம்புள்ள தொப்பிதான் தொப்பி. பனையோலையில் இழைத்த அகல விளிம்புத் தொப்பி கிடைத்தால் அதைவிடக் காற்றோட்டமானது இல்லை. வயலுக்குப் போகிறவர் தலையில் துவாயைப் போட்டு பிடரியை மூடுவதும் நல்ல காப்புத்தான்.

உடுப்பு

ஒருமுறை வாங்கினால் வருடக்கணக்கில் உழைப்பது இது. ஆனாலும் எல்லா நீளக்கையும் ஒன்றல்ல. மெல்லிய வெள்ளைப் பருத்தி ரீ-சேட் ஊடாகக் கழியூதாக் கதிரில் ஐந்திலோ ஆறிலோ ஒரு பங்கு உள்ளே போய்விடும். நனைந்தால் இன்னும் மோசம். வேர்வையில் ஊறி முதுகோடு ஒட்டிய வெள்ளைச் சேட்டைக் காப்பு என்று நம்ப வேண்டாம். ஜீன்ஸ் துணி கிட்டத்தட்ட முழுவதையும் மறிக்கும். நெசவு நெருக்கம், கடும் நிறம், தளர்வான தையல் மூன்றும் முக்கியம். ரியூப் லைட்டுக்கு நேரே சேட்டின் கையைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே விட்ட உங்கள் விரல்களின் உருவம் தெளிவாகத் தெரிந்தால் அந்தத் துணி வெயிலுக்கு ஆகாது.

‘கடும் நிறம் போட்டால் வேகுமே’ என்பார்கள். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் துணிக்கு அது சரி. தளர்வான உடுப்பில் அப்படியில்லை என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது: பாலைவனத்துப் பெடுவின் மக்கள் அணியும் கறுத்த அங்கியையும் வெள்ளை அங்கியையும் 1980இல் ஒப்பிட்டபோது, உடம்பை எட்டிய சூடு இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. கூடுதல் சூடு துணியிலேயே தங்கி, உள்ளே ஓடும் காற்றோடு போய்விடுகிறது. நம் காற்றில் ஈரம் கூட என்பதால் அப்படியே பொருத்திப் பார்க்க மாட்டேன். தளர்வு முக்கியம் என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன். அபாயாவும் ஹிஜாபும் அணியும் பிள்ளைகளுக்கு உடுப்புக் காப்பு ஏற்கனவே முழுமையாக இருக்கிறது. அவர்கள் யோசிக்க வேண்டியது முகமும் கண்ணும் புறங்கையும்தான்.

ஸ்கூட்டியில் வரும் பிள்ளைகள் ஜக்கெட்டைப் போட்டு, கையுறையும் மாட்டி வருவதைச் சிலர் கேலி செய்கிறார்கள். அவர்கள் செய்வது மிகச் சரி. வண்டி பிடிக்கும்போது புறங்கை நேரே சூரியனைப் பார்த்தபடி இருக்கிறது. செருப்பு வாரின் தடம் விழுந்த கால் மேல்புறமும் அப்படித்தான். மூடிய சப்பாத்து போடாதவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். ஹெல்மெட்டின் முன் கண்ணாடி பொலிகார்பனேட்டால் ஆனது என்றால், அது நிறமில்லாமல் இருந்தாலும் கழியூதாக் கதிரைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுக்கும். அதை மேலே தூக்கிவிடாமல் இறக்கிவிட்டு ஓடினால் முகத்துக்கும் கண்ணுக்கும் செலவில்லாத காப்பு.

சன்ஸ்கிரீன்

கிரீமைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது வேலை செய்கிறது. எஸ்.பி.எஃப். 15 தோலை வேகவைக்கும் கழியூதாக் கதிரில் 93 வீதத்தையும், 30 என்பது 97 வீதத்தையும், 50 என்பது 98 வீதத்தையும் தடுக்கும். 30க்கும் 50க்கும் நடுவில் ஒரு வீதம்தான் வித்தியாசம் என்பதால் விலை கூடியதற்காக மனம் ஏங்க வேண்டாம். ‘பிரோட் ஸ்பெக்ட்ரம்’ என்றோ, பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் மூன்று, நாலு கூட்டல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் தோலின் ஆழத்துக்குப் போகும் கதிரையும் மறிக்கிறது என்பதற்கு அடையாளம்.

இந்த வீதங்கள் எல்லாம் கிரீமைத் தாராளமாகப் பூசிச் சோதித்து வந்தவை. ஒரு சதுர சென்றிமீற்றருக்கு 2 மில்லிகிராம். பெரும்பாலானோர் பூசுவது அதில் பாதிக்கும் கீழே. முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டியது, ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு இழுத்த அளவு. ஏறக்குறைய ஒரு கிராம். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று பூசினால் 50 கிராம் டியூப் 25 நாளில் முடிந்துவிடும். இரண்டு கைகளுக்கும் பூசினால் அது இரண்டு கிழமையைத் தாண்டுவதே கஷ்டம். ஆயிரக்கணக்கில் விலைபோகும் டியூப் மாதம் ஒன்றோ இரண்டோ ஒரு மாணவியின் செலவுக் கணக்கில் எப்படி நிற்கும்? ஆகவே என்ன நடக்கிறது? டியூப்பை ஆறு மாதத்துக்கு ஓட்டுவதற்காகக் கடலையளவு எடுத்துப் பூசுகிறார்கள். காப்புக் கிடைத்துவிட்டது என்ற எண்ணத்தில் குடையையும் விட்டுவிடுகிறார்கள். கிரீமை மூன்றாவது இடத்துக்குத் தள்ளியது இந்தக் கணக்குத்தான். கைகளைத் துணி காக்கட்டும். கிரீம் முகத்துக்கு மட்டும் போதுமான அளவில் போகட்டும்.

துத்தநாக ஒக்சைட், டைட்டானியம் டைஒக்சைட் கலந்தவை நம் முகத்தில் சாம்பல் பூத்தமாதிரி நிற்கும். அதனால் கூச்சப்பட்டுக் குறைத்துப் பூசுவதைவிட, வெள்ளை படியாத வேறு வகையைத் தேடி அளவாகப் பூசுவது மேல். வெளியே இறங்குவதற்குக் கால்மணி நேரம் முன்பே பூச வேண்டும். வெயிலில் நிற்கும் வரைக்கும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பவும். மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்தால் சூட்டில் கெட்டுப்போகும்.

கிரீம் முதலாவதாக வர வேண்டியவர்கள் இவர்கள்: பிறப்பிலேயே தோலில் நிறமி இல்லாதவர்கள், முகத்திலும் கையிலும் வெண்படை உள்ளவர்கள், லூபஸ் நோயுள்ளவர்கள், மங்குக்கு வைத்தியம் எடுப்பவர்கள், மேலே சொன்ன மருந்துகளை எடுப்பவர்கள். இவர்களுக்குச் சன்ஸ்கிரீன் அழகுசாதனம் இல்லை, மருந்து. கடையில் கேட்டு வாங்காமல் வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் தோல் நோய்க் கிளினிக் இருக்கிறது, காசு கேட்கமாட்டார்கள்.

இன்னும் ஒன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிடுகிறேன். வெள்ளையாக்கும் கிரீம் சன்ஸ்கிரீன் இல்லை. பெயர் விபரம் சரியாக இல்லாத டப்பாக்களில் வரும் சிலவற்றில் பாதரசமும், சிலவற்றில் வீரியமான ஸ்டீரொயிட்டும் இருக்கின்றன. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை உற்பத்தி செய்யவோ நாடு கடந்து விற்கவோ கூடாது என்கிறது. அந்த உடன்படிக்கையில் இலங்கையும் இருக்கிறது. ஸ்டீரொயிட் தோலை மெலிய வைக்கும். மெலிந்த முகம் வெயில் பட்டதும் எரியும், சிவக்கும். கிரீமை விட்டால் முன்னைவிட மோசமாகும். அப்படியான முகத்தோடு தங்கச்சிமார் கிளினிக்குக்கு வரும்போது, இந்த நிறப் பயத்தை ஊட்டிய நம் எல்லோர் மீதும் கோபம் வருகிறது. தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் இறங்குவதும் இதே வகை ஆபத்து. சாறும் கழியூதாக் கதிரும் சேர்ந்து தோலைப் பொசுக்கும், கொப்புளம் வரும், அது ஆறிய இடத்தில் கறுத்தத் தடம் மாதக்கணக்கில் நிற்கும். தேங்காய் எண்ணெய் தோலுக்கு ஈரம் கொடுக்கும், வெயிலைத் தடுக்காது.

கண்ணாடி

கண்ணாடியை இரண்டாவதாக வைத்தேன், ஏனென்றால் கண்ணுக்குப் பூச ஒரு கிரீமும் இல்லை. வீதியோரக் கூலிங் கிளாஸ் வெறும் கறுப்பு நிறத்தோடு கழியூதாத் தடுப்பு இல்லாமல் இருந்தால், போடாமல் இருப்பதைவிட அது கெடுதலாகலாம். இருட்டில் கண்மணி விரியும், தடுக்கப்படாத கதிர் கூடுதலாக உள்ளே போகும். ‘யூவி 400’ என்று பார்த்து வாங்குங்கள். அந்த ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம் என்பதால், மூக்குக் கண்ணாடிக் கடையில் கொடுத்துச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். பல கடைகளில் அதற்குச் சிறிய கருவி இருக்கிறது. ஏற்கனவே பார்வைக் கண்ணாடி போடுகிறவர்கள் அடுத்தமுறை வில்லை மாற்றும்போது யூவி 400 தடுப்பைக் கேட்டு வாங்கினால் வேறொன்றும் தேவையில்லை.

காசில்லாத தெரிவு

பஸ்ஸில் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள்? யன்னல் கண்ணாடி தோலை வேகவைக்கும் கதிரைத் தடுத்தாலும், தோலைக் கறுக்கவும் சுருங்கவும் வைக்கும் நீள் அலைக் கதிர் அதற்குள்ளால் வரும். நம் பஸ்களில் யன்னலும் பாதி திறந்தேதான் இருக்கும். மட்டக்களப்பு ரவுணிலிருந்து ஏறாவூர், செங்கலடியால் வந்தாறுமூலைக்குப் போகும் பஸ் வடக்கு நோக்கி ஓடுகிறது. காலையில் சூரியன் வலப்பக்கம், சாரதியின் பக்கம். பின்னேரம் திரும்பும்போது பஸ் தெற்கு நோக்கி வரும், சூரியன் மேற்கே; அப்போதும் வலப்பக்கம்தான். ஆகவே போகவும் வரவும் இடப்பக்கத்தில் இருங்கள். வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது மாறி வரும், வலப்பக்கம் இருக்க வேண்டும். கல்முனை, காரைதீவு, நிந்தவூரிலிருந்து ஒலுவிலுக்குப் போகிறவர்களும் வலப்பக்கம். அக்கரைப்பற்றிலிருந்து போகிறவர்கள் இடப்பக்கம்.

மர நிழல் நல்லது, ஆனால் தனி மரத்தின் நிழலில் நின்றாலும் நாலாபக்கத்து வானத்திலிருந்து சிதறி வரும் கதிர் வந்துகொண்டே இருக்கும். வானம் எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு அது நல்ல நிழல். கட்டடங்களுக்கு நடுவில் ஒதுங்கிய வராந்தா, வெளியில் நிற்கும் ஒற்றை வேம்பைவிடப் பலமான காப்பு.

விளையாட்டுக் காரர்களுக்கு நேரத்தை மாற்றுவதுதான் பெரிய வெற்றி. 2 மணிக்குத் தொடங்கும் பயிற்சியை 4 மணிக்குத் தள்ளினால் கதிரின் பெரும்பகுதியும் சூட்டின் பெரும்பகுதியும் ஒன்றாகக் குறையும். எந்தக் கிரீமும் அவ்வளவைச் செய்யாது. விளையாட்டு விழாவைப் பங்குனி, சித்திரை நண்பகலில் நடத்துவதை மாணவர் சங்கங்கள் கேட்டு மாற்ற வேண்டும். வயல் பயிற்சியையும் காலை 7 மணிக்குத் தொடங்கினால் 9 மணிக்குள் பாதி வேலை முடிந்துவிடும்.

விட்டமின் டி என்னவாகும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இவ்வளவு வெயிலுள்ள தென்னாசியாவில்தான் அதன் குறைபாடும் பரவலாக இருக்கிறது. காலை 6, 7 மணி இளவெயில் உடம்புக்கு இதமானது, ஆனால் நிழல் நீண்டிருக்கும் அந்நேரம் விட்டமின் டி பெரிதாக உருவாகாது. அதற்கு வேண்டிய குறுகிய அலைக் கதிர் நிழல் குட்டையாகும்போதுதான் வருகிறது. முற்பகலில் கையும் முகமும் திறந்து கொஞ்ச நேரம் நடந்தால் போதும், மணிக்கணக்கில் வாடத் தேவையில்லை. எந்நேரமும் முழுவதும் மூடியபடி இருப்பவர்களும், உடம்பு வலி, களைப்பு உள்ளவர்களும் இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

பாசிக்குடாவுக்குப் போகும் நாள்

இதுவரை சொன்ன வரிசை வளாகத்துக்குப் போய்வரும் சாதாரண நாட்களுக்கு. பெட்ச்சாகச் சேர்ந்து பாசிக்குடாவுக்கோ கல்லடிக் கடற்கரைக்கோ போகும் நாளில் அந்த வரிசை மாறும். மணல் கழியூதாக் கதிரில் ஏறக்குறைய 15 வீதத்தையும், கடல் நுரை 25 வீதத்தையும் திருப்பி எறியும். அமெரிக்காவின் டெக்சாசில் 2017இல் வெளியான ஒரு சோதனையில், வெயிலான நாளில் மூன்றரை மணித்தியாலம் கடற்கரைக் குடைக்குக் கீழே மட்டும் இருந்தவர்களில் 78 வீதமானோருக்குத் தோல் வெந்தது. எஸ்.பி.எஃப். 100 கிரீம் மட்டும் பூசிக்கொண்டு வெயிலில் இருந்தவர்களில் அது 25 வீதம். அங்கே குடை தோற்றது, கிரீமும் முழுதாக வெல்லவில்லை.

பாசிக்குடாவில் கரையிலிருந்து வெகுதூரம் வரைக்கும் இடுப்பளவு தண்ணீர்தான். பிள்ளைகள் மணிக்கணக்கில் அதிலேயே நிற்பார்கள்; தோளும் பிடரியும் வெந்துகொண்டிருப்பது தண்ணீரின் குளிர்மையில் தெரியாது. கடும் நிறத்தில் நெருக்கமாக நெய்த நீளக்கைச் சேட்டோடு இறங்குங்கள், வெள்ளை ரீ-சேட்டோடு வேண்டாம். தண்ணீரில் கரையாத வகைக் கிரீமை முகம், காது, பிடரி, காலின் மேல்புறம் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் பூசுங்கள். ஏறி வந்து துவட்டியதும் திரும்பவும் பூசுங்கள். முருகைக் கற்களுக்குக் கேடு என்று ஹவாய் மாநிலம் 2021இலிருந்து ஒக்சிபென்சோன் கலந்த கிரீம் விற்பதைத் தடை செய்திருக்கிறது. பாசிக்குடாவிலும் முருகைக் கல் இருப்பதால், அந்த ஒரு நாளுக்காகவாவது முகத்தில் சாம்பல் பூத்தாலும் பரவாயில்லை என்று துத்தநாக ஒக்சைட் கிரீமை எடுங்கள். பஸ்ஸை ஒழுங்கு செய்யும்போதே காலை 6 மணிக்குப் போய் 9 மணிக்குத் தண்ணீரை விட்டு ஏறுவதாக, அல்லது 3 மணிக்குப் பிறகு இறங்குவதாகத் திட்டம் போடுங்கள். நடுவில் சமைக்கவும் சாப்பிடவும் கூரையுள்ள இடம் ஒன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள்.